முப்பதடி வீதியும் மூன்றடி சாய்தளமும்

காந்திபுரத்தில் கிராஸ்கட் ரோட்டையும் நூறடி ரோட்டையும் இணைக்கும் எண் போட்ட வீதிகளில் ஒன்றில் எங்களுக்கு ஐந்து சென்ட் இடமும் அதன்மேல் ஒரு கட்டடமும் இருக்கின்றன. அதை வீடு என்பதா கடை என்பதா என்பதில் எங்கள் குடும்பத்துக்குள்ளேயே ஒற்றுமை இல்லை. அரசாங்கக் காகிதங்களுக்குள்ளும் இல்லை. கிரையப் பத்திரம் அதை வீட்டடி மனை என்கிறது. 1974-இல் அப்பா வாங்கிய வரைபட அனுமதியில் குடியிருப்புக் கட்டடம் என்று எழுதி முத்திரை குத்தியிருக்கிறது. சொத்து வரி ரசீதில் தரைத்தளம் வணிகப் பயன்பாடு. இரண்டு மின் இணைப்புகளில் ஒன்றுக்கு வீட்டுக் கட்டணம், மற்றதற்குக் கடைக் கட்டணம். இந்த நான்கையும் ஒரே மேசைமேல் விரித்துப் பார்க்க வேண்டிய அவசியம் 2022 வரை எங்களுக்கு வரவில்லை.

அந்த ஆண்டு, பழைய கட்டடத்தை இடித்துவிட்டுத் தரைத்தளத்தில் கடைகளும் மேலே இரண்டு வீடுகளுமாகக் கட்டலாம் என்று தம்பியும் நானும் பேசி, கடனுக்காக வங்கிக்குப் போனோம். வங்கியின் வழக்கறிஞர் பத்திரங்களைப் புரட்டிப் பார்த்துவிட்டு, வில்லங்கம் எதுவும் இல்லை என்று சொன்ன கையோடு, இந்த இடம் எந்த மண்டலத்தில் வருகிறது என்று கேட்டார். மாநகராட்சி மண்டலத்தின் பெயரைச் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை. மாநகராட்சி மண்டலத்தைக் கேட்கவில்லை, நிலப் பயன்பாட்டு மண்டலத்தைக் கேட்கிறேன் என்றார். ஐம்பது வயதுக்குப் பிறகு நான் பிறந்து வளர்ந்த வீதிக்கு ஒரு நிறம் உண்டு என்பதே எனக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது.

நிறம் என்பது உவமைக்காகச் சொன்னதில்லை. தமிழ்நாடு நகர் ஊரமைப்புச் சட்டம், 1971 என்று ஒரு சட்டம் இருக்கிறது. அதன்படி ஒவ்வொரு திட்டப் பகுதிக்கும் ஒரு முழுமைத் திட்டம் தயாரிக்கப்பட்டு, அதன் வரைபடத்தில் குடியிருப்புக்கு மஞ்சள், வணிகத்துக்கு நீலம், தொழிற்சாலைக்கு ஊதா, நிறுவனங்களுக்குச் சிவப்பு, வேளாண்மைக்கும் திறந்தவெளிக்கும் பச்சை என்று ஒவ்வொரு புல எண்ணுக்கும் வண்ணம் பூசப்படுகிறது. குடியிருப்பிலேயே முதன்மைக் குடியிருப்பு, கலப்புக் குடியிருப்பு என்று இரண்டு வகை உண்டு. கோவைக்கு 1994-இல் அரசு ஒப்புதல் பெற்ற முழுமைத் திட்டம்தான் ஏறக்குறைய முப்பது ஆண்டுகள் நடைமுறையில் இருந்தது. 2041-ஆம் ஆண்டை இலக்காக வைத்த புதிய திட்டத்தின் வரைவு மக்கள் கருத்துக்காக 2024-இல்தான் வெளிவந்தது. இடைப்பட்ட காலத்தில் 2011-இல் மாநகராட்சியின் எல்லை 257 சதுர கிலோமீட்டராக விரிந்தது. அவினாசி ரோட்டின் இருபுறமும் மருத்துவமனைகளும் மென்பொருள் அலுவலகங்களுமாக மாறின. சரவணம்பட்டி ஒரு தனி ஊராகவே வளர்ந்துவிட்டது. வரைபடத்திலிருந்த மஞ்சளும் நீலமும் மட்டும் அசையாமல் இருந்தன.

அசையவே இல்லை என்று சொல்வதும் முழுக்கச் சரியில்லை. சட்டத்தின் 32-ஆவது பிரிவின் கீழ் தனி மனைக்கு நில உபயோக மாற்றம் கேட்கலாம். விண்ணப்பம் போட்டு, நாளிதழில் அறிவிப்பு கொடுத்து, ஆட்சேபணைகளைக் கேட்டு, கடைசியில் அரசிதழில் வெளியாக வேண்டும். நாளிதழின் உள்பக்கங்களில் நெருக்கமான எழுத்தில் புல எண்களும் நான்கெல்லை விவரங்களுமாக வரும் அந்த அறிவிப்புகளை நீங்களும் கடந்து போயிருப்பீர்கள். பெரிய இடத்தை வாங்கிப் பெரிய கட்டடம் கட்டுகிறவர்களுக்கு அந்த வழி தெரியும், அதில் நடக்க ஆள்களும் உண்டு. ஐந்து சென்ட்காரர்கள் யாரும் அந்த வழியாகக் கடைக்காரர்கள் ஆனதாக நான் கேள்விப்பட்டதில்லை. அவர்கள் ஷட்டர் வழியாகத்தான் ஆனார்கள்.

எங்கள் ஷட்டர் 1987-இல் வந்தது. வீட்டின் முன்னறைக்கு வெளியே திண்ணையும், திண்ணைக்கும் காம்பவுண்டுச் சுவருக்கும் நடுவே பத்தடி வாசலும் இருந்தன. அப்பா வேலை பார்த்த மில்லில் கதவடைப்பு நீண்டுகொண்டே போனபோது, முன்னறையை ஒரு தையல்காரருக்கு விடலாம் என்று முடிவானது. கொத்தனார் இரண்டு நாளில் முன்சுவரை இடித்து இரும்பு ஷட்டரைப் பொருத்தினார். வாடிக்கையாளர்கள் வெயிலில் நிற்கிறார்கள் என்று மறு ஆண்டு வாசலுக்குமேல் தகரக் கொட்டகை போட்டோம். அதற்குமடுத்த ஆண்டு, துணிமூட்டை வைக்க இடமில்லை என்று பக்கத்து மனைக்கும் எங்கள் சுவருக்கும் இடையே சந்தாக விட்டிருந்த ஐந்தடி இடத்தையும் சேர்த்து மூடினோம். தையல்காரருக்குப் பிறகு எஸ்.டி.டி. பூத்தும் ஜெராக்ஸும், பிறகு செல்போன் ரீசார்ஜ் கடை, 2012-இலிருந்து ஒரு மெஸ். ஒவ்வொருவர் காலத்திலும் கட்டடம் ஓரிரு அடி வெளியே நகர்ந்தது. இதில் எந்தக் கட்டத்திலும் எங்களை யாரும் நிறுத்தவில்லை. வரி மதிப்பிட வந்தவர் ஷட்டரைப் பார்த்தார், வணிகம் என்று குறித்துக்கொண்டார், வரி உயர்ந்தது. மின் கணக்கெடுப்பவர் பார்த்தார், கட்டண வீதம் மாறியது. கூடுதலாகக் கட்டினோம் என்பதனாலேயே எல்லாம் சட்டப்படி நடக்கிறது என்று நம்பினோம்.

இந்த ஊரில் எத்தனையோ பேர் நம்புகிற ஒரு தவறு இது என்பதால் கொஞ்சம் அழுத்தியே சொல்கிறேன். வணிகம் என்று வரி வாங்குவதும் வணிகத்துக்கு அனுமதி தருவதும் இரண்டு வேறு வேலைகள். இரண்டு வேறு மேசைகளில் நடப்பவை. வரி விதிக்கும் மேசை, இருப்பதை இருக்கிறபடி எழுதும். திட்ட அனுமதி மேசை, இருக்கவேண்டியதை மட்டும் எழுதும். முதல் மேசையில் எத்தனை ஆண்டு பணம் கட்டினாலும் அது இரண்டாவது மேசையில் ஒரு சதுர அடிக்குக்கூடச் செல்லாது. அனுமதிக்கு மாறாகக் கட்டியதை நிறுத்தவும் அகற்றவும் பூட்டி முத்திரையிடவும் அதே சட்டத்தின் 56, 57-ஆவது பிரிவுகளில் அதிகாரம் இருக்கிறது. மன்னிப்பும் அவ்வப்போது கிடைத்தது: 113-அ பிரிவின்கீழ் 1999 பிப்ரவரி வரை கட்டியவற்றுக்கும், பிறகு 113-இ பிரிவின்கீழ் 2007 ஜூலை 1 வரை கட்டியவற்றுக்கும் வரன்முறைப்படுத்த வாய்ப்பு வந்தது. முதல் வாய்ப்பு வந்தபோது அப்பா உயிரோடு இருந்தார். விண்ணப்பம் போட்டால் நாமே நம்மைக் காட்டிக் கொடுத்தது போலாகும் என்று சொல்லி அந்தப் படிவத்தை மடித்து பீரோவில் வைத்துவிட்டார். 2022-இல் தேடியபோது படிவம் அப்படியே இருந்தது.

வரைபடம் போடுகிற பொறியாளரிடம் போனபோது, எங்கள் இடம் மஞ்சளில் இருக்கும், கடைக்கு அனுமதியே கிடைக்காது என்ற பயத்தோடுதான் போனேன். அவர் கணினியில் பார்த்துவிட்டு, "கலர் பிரச்சனை இல்லீங்க. கலப்புக் குடியிருப்பு. கீழ கடை, மேல வீடு தாராளமாக் கட்டலாம். உங்களுக்குப் பிரச்சனை கலர்ல இல்ல, காம்பவுண்டுல" என்றார்.

அந்த ஒற்றை வரியைப் புரிந்துகொள்ள எனக்கு ஆறு மாதம் ஆனது. நிலப் பயன்பாட்டு விதி என்றால் எங்கே கடை வரலாம், எங்கே வரக்கூடாது என்று சொல்லும் விதி என்றுதான் எல்லோரையும் போல நானும் நினைத்திருந்தேன். நகரத்தின் வணிகப் பகுதியில் உண்மையில் அந்தக் கேள்விக்குப் பெரிய வேலை இல்லை. வணிக மண்டலத்தில் வீடு வரலாம். கலப்புக் குடியிருப்பில் கடை வரலாம். மிச்சமெல்லாம் எவ்வளவு பெரியதாக, எவ்வளவு உயரமாக, எல்லையிலிருந்து எவ்வளவு தள்ளி, எத்தனை வண்டி நிறுத்த இடம் விட்டு என்ற கணக்குகள்தான். அந்தக் கணக்குகள் ஏறக்குறைய எல்லாவற்றுக்கும் அடியில் நிற்பது உங்கள் வாசலுக்கு முன்னால் ஓடும் சாலையின் அகலம்.

2019-இல் வந்த தமிழ்நாடு ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டட விதிகளை எடுத்துக்கொள்ளுங்கள். அதுவரை சென்னைக்கு ஒன்று, மற்ற ஊர்களுக்கு வேறு என்று சிதறிக் கிடந்தவற்றை ஒன்றாக்கிய விதிகள் அவை. மனையின் பரப்பைப் போல எத்தனை மடங்கு கட்டலாம் என்று சொல்லும் தளப்பரப்புக் குறியீடு, எல்லோரும் எஃப்.எஸ்.ஐ. என்பது, உயர்மாடி அல்லாத சாதாரணக் கட்டடங்களுக்கு 1.5-லிருந்து 2 ஆனது. எங்கள் ஐந்து சென்ட் என்பது 2,178 சதுர அடி. அப்படியானால் எல்லாத் தளங்களையும் சேர்த்து 4,356 சதுர அடி கட்டலாம். இதற்குமேல் வேண்டுமென்றால் அரசுக்குக் கட்டணம் செலுத்திக் கூடுதல் குறியீடு வாங்கலாம். ஆனால் அது எல்லோருக்கும் இல்லை. சாலை 9 மீட்டருக்குக் குறையாமல் இருந்தால் 30 விழுக்காடு, 12 மீட்டர் இருந்தால் 40, 18 மீட்டரும் அதற்கு மேலும் இருந்தால் 50. உயர்மாடிக் கட்டடத்துக்கு 3.25 என்ற குறியீடு கிடைக்க வேண்டுமானாலும் 18 மீட்டர் சாலை வேண்டும். ஆக ஒரே நிறத்தில் இருக்கும் இரண்டு மனைகளில் ஒன்று நூறடி ரோட்டிலும் இன்னொன்று எங்களைப் போலக் குறுக்கு வீதியிலும் இருந்தால், அவை இரண்டும் விதியின் கண்ணில் ஒரே சொத்து அல்ல.

இதில் நியாயம் இருக்கிறது என்றே நினைக்கிறேன். ஒரு கட்டடம் எத்தனை பேரை வரவழைக்கிறதோ அத்தனை பேரையும் தாங்க வேண்டியது அந்தச் சாலைதான். தீ பிடித்தால் வண்டி வரவேண்டியதும் அதன் வழியேதான். ஆனால் விதிப் புத்தகத்தில் 9 மீட்டர் என்று எழுதுவது எளிது. வீதியில் 9 மீட்டரை வைத்திருப்பது யார் வேலை என்ற கேள்விக்குப் பதில் அங்கே தெளிவாக இல்லை.

விதியே இல்லாத காலத்தில் கோவையின் வணிகம் தனக்கென்று ஓர் ஒழுங்கை வைத்திருந்தது என்று பெரியவர்கள் பெருமையாகச் சொல்வார்கள். டவுன்ஹாலைச் சுற்றி நடந்தால் அது தெரியும். ரங்கே கவுண்டர் வீதி என்றால் மளிகை மொத்த வியாபாரம், ராஜ வீதி என்றால் நகை, ஒப்பணக்கார வீதி என்றால் துணி. யாரும் வரைபடம் போட்டு ஒதுக்கவில்லை. ஒரே தொழில் செய்கிறவர்கள் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்தால் வாங்குகிறவர் தேடி வருவார் என்ற கணக்குத்தான். அங்கே கடைகள் சுவரோடு சுவர் ஒட்டி நிற்கும். இன்றைய விதிகளும் அப்படிப்பட்ட இடங்களைத் தொடர் கட்டடப் பகுதி என்று தனியாக ஏற்றுக்கொண்டு, பக்கவாட்டில் இடம் விடச் சொல்லிக் கட்டாயப்படுத்துவதில்லை. ஆனால் அந்த ஒழுங்கின் இன்னொரு முகத்தையும் இந்த ஊர் பார்த்திருக்கிறது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பிளேக் நோய் திரும்பத் திரும்ப வந்து பழைய நகரத்தை வாட்டியபோது, நெரிசலிலிருந்து வெளியேறத்தான் ஆர்.எஸ்.புரம் போன்ற விரிவாக்கப் பகுதிகள் வந்தன. நேரான அகலமான சாலைகள், வீட்டைச் சுற்றி இடம் என்று அளந்து போட்ட பகுதி அது. அதே சமயத்தில், 1914-15-இல் சென்னை மாகாணத்து ஊர்களைச் சுற்றிப் பார்த்து அறிக்கை எழுதிய ஸ்காட்லாந்துக்காரர் பேட்ரிக் கெடஸ் கோவைக்கும் வந்தார். பழைய தெருக்களை மொத்தமாக இடித்துத் தள்ளுவதைவிட, தேவையான இடத்தில் மட்டும் கத்தி வைத்துக் காற்றுக்கு வழிவிட வேண்டும் என்பது அவர் கட்சி. சென்னை மாகாணத்தின் நகரமைப்புச் சட்டம் 1920-இல் வந்தது.

வீடுகளுக்கென்று போட்ட அந்த ஆர்.எஸ்.புரத்தில், டி.பி. ரோட்டில் இன்று நடந்து பாருங்கள். துணிக்கடை, காலணிக்கடை, உணவகம், கார் நிறுத்த மாநகராட்சி கட்டிய பல அடுக்குக் கட்டடம். குறுக்குச் சாலைகளில் இன்னும் சில பழைய வீடுகள் மாமரத்தோடு நிற்கின்றன. அவற்றிலும் பாதி மருத்துவ ஆலோசனை அறைகளாகவோ டியூஷன் சென்டர்களாகவோ ஆகிவிட்டன. அகலமான சாலை போட்டவர்கள் வீட்டுக்காகப் போட்டார்கள். வியாபாரம் அதைத் தனக்காகப் போட்டதாக எடுத்துக்கொண்டது.

உலகத்தில் வேறெங்கும் கதை ரொம்ப வேறாகவும் இல்லை. நியூயார்க் 1916-இல் மண்டல விதிகளைக் கொண்டுவந்ததற்கு இரண்டு காரணங்கள் சொல்வார்கள். ஒன்று, ஈக்விட்டபிள் கட்டடம் என்ற 38 மாடி, சுற்றியிருந்த தெருக்களின் வெளிச்சத்தை மறைத்தது. இன்னொன்று எங்கள் பக்கத்துக்காரர்களுக்கு இன்னும் நன்றாகப் புரியும்: ஐந்தாம் அவென்யூவின் பெரிய கடைக்காரர்களுக்கு, ஆயத்த ஆடைத் தொழிற்கூடங்கள் தங்கள் வீதியை நோக்கி நகர்ந்து வருவதும், மதிய வேளையில் அந்தத் தொழிலாளர்கள் நடைபாதையில் கூட்டமாக நிற்பதும் பிடிக்கவில்லை. பத்து ஆண்டு கழித்து, 1926-இல், ஒஹாயோ மாநிலத்தின் யூக்ளிட் என்ற ஊர் தொடர்பான வழக்கில் அமெரிக்க உச்ச நீதிமன்றம் மண்டல விதிகளை ஏற்றது. சரியான பொருள் தவறான இடத்தில் இருந்தாலே தொல்லைதான், பட்டியில் இருக்கவேண்டிய பன்றி கூடத்தில் இருப்பதைப் போல என்று அந்தத் தீர்ப்பு சொன்னது.

கொங்கு நாட்டில் இந்தப் பன்றி உவமை அவ்வளவு சுலபமாக ஒத்துவராது. இங்கே பட்டியும் கூடமும் ஒரே கூரைக்குக் கீழ்தான் இருந்தன. ஆவாரம்பாளையத்திலும் கணபதியிலும் வீட்டின் பின்கட்டில் ஒரு லேத் போட்டு, பம்புக்கு உதிரிபாகம் கடைந்து கொடுத்து, அந்த ஜாப் ஆர்டர் காசில் பிள்ளைகளைப் பொறியியல் படிக்க வைத்தவர்கள் எத்தனை பேர். திருப்பூரில் என் பெரியம்மா மகன் மாடியில் எட்டுத் தையல் மெஷின் போட்டுத்தான் பனியன் கம்பெனி தொடங்கினார், கீழே குடித்தனம். குடியிருப்பு மண்டலத்தில் பட்டறையே கூடாது என்று நம் விதிகளும் சொல்லவில்லை. எத்தனை குதிரைத்திறன் மோட்டார் வரை என்று வரம்பு கட்டுகின்றன. எந்தத் தொழில் என்பதைவிட மோட்டார் எவ்வளவு பெரியது என்று பார்ப்பது ஒரு வகையில் நல்ல அறிவு. சத்தமும் அதிர்வும் அங்கிருந்துதான் வருகின்றன. ஆனால் அது எல்லாத் தொல்லைக்கும் அளவுகோல் ஆகாது. நொய்யலைக் கெடுத்தது மோட்டாரின் குதிரைத்திறன் அல்ல, சாயத்தண்ணீர். 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்ற உத்தரவால் திருப்பூர்ச் சாயப்பட்டறைகள் மூடப்பட்டபோது, அங்கே கேள்வியாக இருந்தது எந்த மண்டலம் என்பதல்ல, கழிவு எங்கே போகிறது என்பதே.

இதையெல்லாம் நான் பொதுவாகச் சொல்லிக்கொண்டு போகலாம். ஆனால் எங்கள் சுவரோரச் சந்து பற்றிச் சொல்லாமல் போனால் நேர்மையாக இருக்காது. 1974 வரைபடத்தில் காற்றுக்கென்று விட்டு, 1989-இல் தகரம் போட்டு நாங்கள் மூடிய அந்த ஐந்தடிச் சந்து, மெஸ் வந்தபோது சமையற்கட்டானது. அதன் புகைபோக்கி விசிறிக்கு வேறு வழி இல்லாததால் பக்கத்து வீட்டுப் படுக்கையறை ஜன்னலுக்கு நேராக வைத்தார்கள். அந்த வீட்டில் இருந்தவர் எண்பது வயதைத் தாண்டிய ஒரு பெரியம்மா; என்னைத் தூக்கி வளர்த்தவர். ஒரு நாள் காலையில் வாடகை வாங்கப் போனபோது வாசல் கேட்டுக்குப் பக்கத்தில் என்னை நிறுத்தி, "ஏங் கண்ணு, உங்க மெஸ்ஸுல தாளிச்சா எனக்கு இருமல் வருது. அவிய சாப்புடறதுக்கு நான் இரும்பணுமா?" என்று கேட்டார். கோபத்தில் கேட்கவில்லை, சிரித்துக்கொண்டேதான் கேட்டார். நான் மெஸ்காரரிடம் சொன்னேன். அவர் புகைபோக்கிக் குழாயை இன்னும் நாலடி மேலே தூக்கினார். புகை மாடிக்குப் போனது, அங்கே எங்கள் வேறொரு வாடகைதாரர் இருந்தார்.

செட்பேக், அதாவது கட்டடத்தைச் சுற்றி விடவேண்டிய காலி இடம், என்ற வார்த்தையைக் கேட்டாலே இடம் வீணாகிறது என்று பல்லைக் கடிக்கிற மனை உரிமையாளர்களில் நானும் ஒருவன். மாநகரத்தின் நடுவில் ஐந்து சென்ட் வைத்துக்கொண்டு, முன்னால் இவ்வளவு, பின்னால் இவ்வளவு, பக்கத்தில் இவ்வளவு என்று விட்டால் கையில் மிஞ்சுவது எவ்வளவு என்று காகிதத்தில் போட்டுப் பார்த்தால் நெஞ்சு வலிக்கத்தான் செய்யும். வண்டி நிறுத்தக் கணக்கு அதைவிட மோசம். கடைக்கு வருகிறவர்களின் வண்டிகளை எங்கள் மனைக்குள்ளேயே நிறுத்த இடம் காட்ட வேண்டும். இவ்வளவு சின்ன மனையில் அதற்கு ஒரே வழி தரைத்தளத்தைத் தூண்களோடு திறந்து விடுவது. அப்படி விட்டால் வாடகை வரும் தளமே போய்விடும். எங்கள் வீதியில் தரைத்தள வாடகைக்கும் முதல்மாடி வாடகைக்கும் உள்ள வித்தியாசம் தெரிந்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. பெரிய மனைக்காரர் நிலத்தடித் தளம் தோண்டிக்கொள்வார். சின்ன மனைக்காரர் ஒன்று விதியை மீறுவார், இல்லையேல் பக்கத்து மனைக்காரருக்கு விற்றுவிட்டுப் போவார். வணிகப் பகுதிகளில் மனைகள் ஒன்றோடொன்று சேர்ந்து பெரிதாவதற்கு இந்த வண்டி நிறுத்தக் கணக்கும் ஒரு காரணம் என்பது என் எண்ணம். அந்தப் பகுதி வாகன நிறுத்தத்துக்கென்று எல்லோரும் பணம் போட்டுப் பொது இடம் ஒன்று வைத்தால் சின்னக் கடைகள் பிழைக்கும் என்று பொறியாளரிடம் சொன்னபோது, அவர் நல்ல யோசனை என்று சொல்லிவிட்டு அடுத்த பக்கத்தைப் புரட்டினார்.

அடுத்த பக்கத்தில்தான் சாலை அகலம் இருந்தது. எங்கள் வீதி ஆவணப்படி முப்பது அடி, அதாவது 9.14 மீட்டர். கூடுதல் குறியீட்டுக்கு வேண்டிய 9 மீட்டரைத் தாண்டி ஒரு சாணுக்கும் குறைவாகத்தான் இருக்கும். 4,356 சதுர அடிமேல் 30 விழுக்காடு சேர்ந்தால் ஏறக்குறைய 5,660. மேலே இரண்டு வீட்டுக்குப் பதில் மூன்று வீடு. தம்பி அன்றைக்கே மூன்றாவது வீட்டுக்கு ஆள் பார்த்துவிட்டான்.

திட்ட அனுமதி அலுவலகத்திலிருந்து தளப் பார்வைக்கு வந்தவர்கள் இரண்டு பேர். ஒருவர் நாடாவின் ஒரு முனையை எங்கள் வாசலில் பிடித்துக்கொள்ள, மற்றவர் எதிர்ப்பக்கம் நடந்தார். எங்கள் வாசல் என்பது இப்போது மெஸ்ஸின் வாசல். சாக்கடையைத் தாண்டி இருசக்கர வண்டி ஏற வசதியாக 2012-இல் போட்ட சிமெண்டுச் சாய்தளம் வீதிக்குள் நீண்டிருந்தது. அதன் விளிம்பிலிருந்து நாடா எதிர்ச்சுவரைத் தொட்டபோது இருபத்தேழு அடி காட்டியது. 8.23 மீட்டர். அவர் எழுதிக்கொண்டார். பத்திரத்தில் முப்பது அடி இருக்கிறதே என்றேன். "இருக்குதுங்க. ரோட்டுல இல்லீங்களே" என்றார் அவர், மரியாதையாகத்தான். எதிர்வீட்டுக்காரர் தன் எல்லையை விட்டு ஓர் அங்குலம் வெளியே வரவில்லை. அந்த இடத்தில் குறைந்திருந்த மூன்றடியும் முழுக்க முழுக்க எங்களுடையது. மாடியில் ஒரு வீட்டுக்கான இடத்தை, வண்டி ஏறுவதற்காக நாங்களே சிமெண்டு போட்டு மூடியிருந்தோம்.

சாலை அகலத்தில் இதற்கு நேர்மாறான வேதனையும் உண்டு. விரிவான வளர்ச்சித் திட்டம் என்று ஒரு வகை இருக்கிறது; முழுமைத் திட்டத்துக்குக் கீழே ஒவ்வொரு பகுதிக்கும் தெருத் தெருவாகப் போடுவது. அதில் எதிர்காலத்தில் வரவேண்டிய சாலைகளைக் கோடு போட்டுக் காட்டுவார்கள். கோவையில் அதற்கு ஸ்கீம் ரோடு என்று பெயர். என்னோடு பள்ளியில் படித்த ஒருவருடைய மனை அப்படி ஒரு கோட்டுக்குக் கீழே மாட்டிக்கொண்டது. சாலையும் போடவில்லை, கட்டவும் விடவில்லை. அறிவிப்பு வெளியான மூன்று ஆண்டுகளுக்குள் நிலத்தைக் கையகப்படுத்த நடவடிக்கை எடுக்காவிட்டால் ஒதுக்கீட்டிலிருந்து விடுபட்டதாகவே கருத வேண்டும் என்று சட்டத்தின் 38-ஆவது பிரிவு சொல்கிறது. ஆனாலும் விடுபட்டது என்று ஒருவர் எழுதிக் கையெழுத்துப் போட வேண்டுமே. அதற்காக அவர் உயர் நீதிமன்றம் வரை போக வேண்டியிருந்தது. வராத சாலை அவருடைய நிலத்தைப் பிடித்துக்கொண்டிருந்தது. நாங்களோ வந்த சாலையைப் பிடித்துக்கொண்டிருந்தோம். இரண்டையும் பார்த்தபிறகு, நகரத்தின் திட்ட வரைபடத்தில் வண்ணங்களை விட வெள்ளையாக விட்டிருக்கும் சாலைக் கோடுகளைத்தான் முதலில் பார்க்க வேண்டும் என்று எனக்குத் தோன்றுகிறது. மஞ்சள் நீலமாவதற்கு அரசிதழ் வேண்டும். வெள்ளை குறைவதற்கு ஒரு கொத்தனாரும் நாலு மூட்டை சிமெண்டும் போதும், யாரும் கேட்பதில்லை.

2023 மாசியில் சாய்தளத்தை இடித்தோம். மெஸ்காரருக்குக் கொஞ்சம் வருத்தம்தான். இப்போது காலையில் சாக்கடைமேல் ஓர் இரும்புத் தகட்டைப் போட்டு, இரவு ஷட்டர் இறக்கும்போது உள்ளே எடுத்து வைத்துக்கொள்கிறார். சந்தின் மேலிருந்த தகரத்தையும் கழற்றினோம். முப்பத்துநாலு ஆண்டுக்குப் பிறகு அங்கே வெயில் விழுந்தது. சுவரோரமாக அப்பா காலத்துச் சலவைக்கல் அப்படியே இருந்தது. அதைப் பார்க்கப் பக்கத்து வீட்டுப் பெரியம்மா இல்லை. முந்தின ஆண்டு ஐப்பசியில் போய்விட்டார்.

மறு அளவைக்கு அதே அலுவலர்தான் வந்தார். எங்கள் வாசலில் நாடா பிடித்தார்: முப்பது அடி, இரண்டு அங்குலம் கூடவே. நான் தம்பியைப் பார்த்தேன். ஆனால் அவர் நாடாவைச் சுருட்டவில்லை. பெரிய ரோடு வரைக்கும் இந்த அகலம் இருக்கணுங்க என்று சொல்லிவிட்டுக் கிராஸ்கட் ரோட்டுப் பக்கமாக நடந்தார். இரண்டாவது கட்டடம் சரி. மூன்றாவது சரி. நான்காவது கடையில், கண்ணாடிக் கதவுக்கு முன்னால் புதிதாகப் போட்ட மூன்று கிரானைட் படிகள் இருந்தன. நாடாவை அங்கே வைத்தார். இருபத்தெட்டு. கடைக்காரப் பையன் வெளியே வந்து, எதுக்குங்கண்ணா அளக்கறீங்க என்று என்னிடம் கேட்டான்.